கைத்தொலைபேசிக்கும் ஒரு காற்கட்டு

வாலிபன் ஒருவனுக்குக் கலியாணஞ் செய்துவைப்பதைக் "காற்கட்டுப் போடுதல்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். கட்டுண்டவன் அதன்பின் நினைத்த திசைக்கு ஓடமாட்டான் என்பது அதன் கருத்து. இக்காலத்திலே கைத்தொலைபேசிக்கும் அத்தகைய காற்கட்டொன்று உண்டு. இதனை முன்னரே அறிந்தவர்கள் பாக்கியசாலிகள். அறியாதவர்கள், நெல்லியடிச் சந்தியிலே கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னே நின்று, "அண்ணை, உது என்ன விலை?" என்று கேட்டபின்னரே அறிந்துகொள்வர். நாமும் இந்த இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவர்களே. நாம் அறிந்துகொண்ட வரலாற்றை வாசக நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்லுகின்றோம்.

கரவெட்டியிலே எமது வளவுக்கு மூன்றாம் வளவில் ஒரு தாயும் மகளும் வசிக்கின்றனர். தாயை நாம் அக்கா என்று அழைப்பது. கணவரை இழந்தவர். ஒரு தையல் இயந்திரமும் இரண்டு பசுக்களும் அந்தக் குடும்பத்தின் சீவனோபாயம். அக்காவின் தமையனாருடைய மகன் கனடாவிலே ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் இருக்கின்றான். களஞ்சியசாலை ஒன்றிலே இரவு வேலை. மாமியிடம் அளவிலாத அன்புடைய பிள்ளை. இக்கதையில் வருகின்ற தொல்லைகள் யாவற்றுக்கும் அந்த அன்பே மூலகாரணம் என்றாலும் தவறில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது மகள் ஆறாந் தரத்திலே படித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர்கள் பாடக்குறிப்புகளைப் படம்பிடித்து வைபரிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்பத் தொடங்கினர். அக்காவிடம் இருந்ததோ, பொத்தானை அழுத்திப் பேசும் பழைய போன். பிள்ளை அயல்வீட்டு வேலியடியில் நின்று, இரவற் போனைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவாள். இச்செய்தி ஸ்காபரோவுக்கு எட்டியது. மருமகன் தான் 2016இல் வாங்கி, உபயோகித்து, பின்பு மேசை இழுப்பறையிற் போட்டுவைத்திருந்த போனைப் பொதிசெய்து அனுப்பினான். பொதி பல மாதஞ் சென்று வந்து சேர்ந்தது. அன்றைக்கு அந்த வீட்டிலே பொங்கல் பொங்காத குறை.

சிம் அட்டையைச் செருகினார்கள். போன் விழித்தது, ஒளிர்ந்தது, அழகிய படமொன்றைக் காட்டிற்று. பின்பு ஆங்கிலத்திலே ஒரு வாக்கியம் தோன்றியது. பிள்ளை அகராதியை எடுத்துப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, இந்தச் சிம்மை ஏற்க மாட்டனாம். பூட்டுத் திறக்கிற இலக்கம் கேட்குது."

பூட்டின் இரகசியம்

இந்தப் பூட்டு எத்தகையது என்பதை அறிதல் நன்று. சிம் அட்டையினுள்ளே பதினைந்து இலக்கங்கள் வரையில் ஓர் எண் பதியப்பட்டிருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்களும் நாட்டைக் குறிப்பன. இலங்கைக்கு 413, கனடாவுக்கு 302. அவற்றை அடுத்து வருபவை கம்பனியைக் குறிப்பன. நமது நாட்டில் மொபிடெல்லுக்கு 01, டயலொக்குக்கு 02. பூட்டிய போன் சிம் அட்டையின் இத்தலைப்பு இலக்கங்களை வாசித்து, தன்னை விற்ற கம்பனியின் இலக்கமாயின் வாயைத் திறக்கும், அல்லாவிடின் மூடிக்கொள்ளும். வீட்டு நாய் எசமானின் வாடையை முகர்ந்து பார்த்து வாலாட்டுவதற்கும் இதற்கும் பெரிய பேதமில்லை. போனிலே பழுதொன்றுமில்லை. அது விசுவாசமாயிருக்கின்றது, அவ்வளவே.

கம்பனிக்கு இவ்விசுவாசம் எதற்கு? ஆயிரம் டொலர் பெறுமதியான போனை வாடிக்கையாளருக்கு இனாமாகவோ அரைவிலைக்கோ கொடுத்துவிட்டு, கொடுத்ததை மாதக் கட்டணத்தோடு சேர்த்து இரண்டு வருடத்திலோ மூன்று வருடத்திலோ அறவிடுவது அங்குள்ள வியாபார முறை. இடையிலே அவர் வேறு கம்பனிக்குப் போய்விட்டால் நட்டம். ஆகவே மனிதரை ஒப்பந்தத்தாற் கட்டினார்கள். போனைப் பூட்டினாற் கட்டினார்கள்.

நமது முன்னோர் இவ்விதக் கட்டுகளை அறியாதவர்களல்லர். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்திலே தொகுத்தபோது, ஒற்றியைப்பற்றியும் அதிலே விதிகள் எழுதப்பட்டன. காணியைக் கடனுக்கு ஒற்றியாகக் கொடுத்தவர் அதன் விளைவைக் கடன் கொடுத்தவரே வட்டிக்குப் பதிலாக அனுபவிக்க விட்டிருப்பார். கடனைத் திருப்பிக் கொடுத்துக் காணியை மீட்கும் உரிமை அவருக்கு எக்காலமும் உண்டு. ஒப்பந்தப் போன் இதற்கு நேர்மாறு. பொருள் நமது கையில், அனுபவம் நமது, ஆனால் திறவுகோல் மட்டும் பிறரிடம். மீட்பது எப்படி என்பதை மட்டும் எவரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

அக்காவும் மகளும் அந்தப் போனை நெல்லியடிக்குக் கொண்டுபோயினர். கடையொன்றிலே திறந்து தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கினர். பின்பு, ஏதோ இலக்கங்களை அழுத்திப் பார்த்தனர். பிழையான இலக்கத்தை ஒரு தொகைக்கு மேலே அழுத்தினால் சில போன்கள் திறவுகோலையே பின்னர் ஏற்க மறுத்துவிடும் என்பது அப்போது அக்காவுக்குத் தெரியாது. கடைக்காரர் பின்பு வேறொரு கம்பியை இணைத்து, இரண்டு நாள் வைத்திருந்து, ஒருவாறு திறந்து கொடுத்தார். கூலி 4,500 ரூபா. ஒரு கிழமைத் தையற் காசும் பாற் காசும் அதனோடு போயின.

இதிலே வேடிக்கையும் வேதனையும் கலந்த விஷயம் என்னவெனில், அந்தத் திறவுகோலை மருமகன் கனடாவிலே ஒரு சதமும் செலவில்லாமற் பெற்றிருக்கலாம். கனடாவின் வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையம் 2013 டிசம்பரில் கைத்தொலைபேசிச் சேவைக்கென ஒரு விதித்தொகுப்பை நடைமுறைப்படுத்தியது. அதற்குமுன் அங்கே மூன்று வருட ஒப்பந்தம் சாதாரணம். அத்தொகுப்பு வந்தபின், இரண்டு வருடம் முடிந்த வாடிக்கையாளர் எவ்வித அபராதமுமின்றி விலகலாம் என்றாயிற்று. பின்னர் 2017 டிசம்பர் 1ஆந் திகதி தொடக்கம் இன்னுமொரு படி மேலே சென்றார்கள்: புதிய போன்கள் யாவும் பூட்டில்லாமலே விற்கப்படல் வேண்டும், முன்னர் பூட்டி விற்றவற்றையும் கேட்டவுடன் இலவசமாகத் திறந்து கொடுத்தல் வேண்டும். மருமகன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தாற் போதும். அவனுக்கு அது தெரியாது. தெரியாததைக் குற்றமாகச் சொல்லவும் முடியாது. விடிய விடியப் பெட்டி தூக்குகின்ற பிள்ளைக்கு ஆணையத்தின் கட்டளைகளை வாசிக்க நேரமேது?

பிரித்தானியாவிலும் 2021 டிசம்பர் தொடக்கம் பூட்டிய போன் விற்பது தடைசெய்யப்பட்டுவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாறன்று. அங்கே தவணைப்பணம் முழுவதும் தீரும்வரை பூட்டி வைத்திருக்கும் கம்பனிகள் இன்றும் உள்ளன. தவணையும் 36 மாதம் வரை நீளும். ஆகையால் வெளிநாட்டிலிருந்து உறவினர் போன் அனுப்பப்போவதாகச் சொன்னால், "என்ன நிறம்?" என்று கேட்பதற்கு முன்னர், "எந்த நாட்டில், எந்த வருடம் வாங்கியது? கணக்குத் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொள்ளுதல் உத்தமம். உறவிலே இப்படிக் கேட்பது அழகில்லை என்று சிலர் கூசுவர். 4,500 ரூபா கொடுத்தபின் அந்தக் கூச்சம் போய்விடும்.

ஐந்து வருடத்தின் பின்

அந்தப் போன் ஐந்து வருடம் உழைத்தது. நன்றாகவே உழைத்தது. ஆனால் 2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அதன் மின்கலம் வீங்கி, பின்மூடி பிளந்துகொண்டது. உள்ளே 16 ஜிபி இடமே இருந்ததாற் பாடக் காணொளி ஒன்றைச் சேமிப்பதாயின் முன்னைய காணொளி ஒன்றை அழித்தல் வேண்டும். மகளோ பதினோராந் தரத்திற்கு வந்துவிட்டாள். சாதாரணதரப் பரீட்சை முன்னே நிற்கின்றது. கணித ஆசிரியர் பழைய வினாத்தாள்களுக்குரிய விளக்கங்களை இரவிலே காணொளியாக அனுப்புகின்றார். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உள்ளன. "இது இல்லாவிட்டாலும் முந்தியவர்கள் படிக்கவில்லையா?" என்று கேட்கும் பெரியவர்கள் நமது ஊரில் உண்டு. படித்தார்கள்தான். அப்போது எல்லோரிடமும் இல்லை. இப்போது இவளிடம் மட்டும் இல்லை. இந்த இரண்டுக்குமுள்ள பேதத்தைப் பதினாறு வயதுப் பிள்ளை நன்கறியும்.

ஒருநாள் மாலையில் அக்கா எம்மைத் திண்ணைக்கு அழைத்து ஆலோசனை கேட்டார். நமக்கு இவ்விஷயத்திற் பெரிய பாண்டித்தியம் இல்லையாயினும், கேட்டவுடன் சொல்லாமலிருப்பது நமது ஊர்ச் சுபாவமன்று. ஆகவே விசாரிக்கத் தொடங்கினோம். மூன்று வழிகள் புலப்பட்டன.

முதலாவது ஸ்காபரோ வழி. மருமகன் காணொளி அழைப்பிலே வந்து உற்சாகமாகச் சொன்னான்: "மாமி, இன்னும் ஒன்பது மாசத்தில என்ர ஒப்பந்தம் முடியுது. ஆனா இப்பவே புதுப்பிச்சால் எனக்குப் புதுப் போன் சும்மா தருவினம். என்ர இந்தப் போனை உங்களுக்கு அனுப்பிவிடுறன். ஒரு செலவுமில்லை."

மகள் கணக்குப் பிள்ளை. கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து, "மச்சான், சும்மா தாற போனோட மாசம் எவ்வளவு? போன் எடுக்காமல் சேவை மட்டும் எண்டால் எவ்வளவு?" என்று கேட்டாள். அவன் சற்றுத் தயங்கிச் சொன்னான். போனோடு 80 டொலர். போனில்லாமல் 45 டொலர். வித்தியாசம் 35. அதனை 24 மாதத்தாற் பெருக்கினாள். 840 டொலர். அதற்குமேல், பழைய ஒப்பந்தத்திற் பாக்கியாக நிற்கும் போன் விலையையும் இப்பொழுதே கட்டித் தீர்க்க வேண்டுமாம். சும்மா வருகின்ற போனின் விலை அதுவாயிற்று.

அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு எம்மைப் பார்த்து, "எனக்காக அவன் இன்னும் இரண்டு வருஷம் கட்டுப்படப் பார்க்கிறான்" என்று மெதுவாகச் சொன்னார். மருமகன் ஊருக்கு வந்து ஏழு வருடமாகின்றது. ஒவ்வொரு வருடமும் வருவதாகச் சொல்வான். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு தவணை குறுக்கே நிற்கும்.

இந்த வழிக்கு வேறொரு தடையும் ஏற்பட்டிருந்தது. பதிவுசெய்யப்படாத கருவிகளை 2025 ஜனவரி 28ஆந் திகதிக்குப் பின் உள்நாட்டு வலையமைப்புகளிலே புதிதாக இணைக்க இடமளிக்கப்படாது என்று இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்திருந்தது. அத்திகதிக்கு முன்னரே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதகமில்லை. ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. போனிலே *#06# என்று அழுத்தினால் அது திரையிற் தோன்றும். ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அப்போன் பதிவிலுள்ளதா என்பது தெரியவரும். வெளிநாட்டுப் போனை அனுப்புவிக்க எண்ணுவோர், பொதி கட்டுமுன்னரே அதன் எண்ணைப் பெற்று ஆணைக்குழுவில் விசாரித்துக்கொள்ளுதல் நன்று.

பூட்டில்லாவிட்டாலும், பதிவு செய்யப்பட்டாலும், அலைவரிசை பொருந்துதல் வேண்டும் என்பது இன்னொரு சங்கதி. நமது நாட்டின் 4ஜி சேவை பெரும்பாலும் 1800 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் நடைபெறுகின்றது. வட அமெரிக்காவில் அந்நாட்டுப் பாவனைக்கென்றே செய்யப்பட்ட சில மலிவுப் போன்கள் இதனை அறியா. மின்னேற்றியின் செருகியும் நமது சுவர்த் துளைக்குப் பொருந்தாது; அதற்கு ஒரு மாற்றி வாங்கவேண்டும். இவை சிறிய விஷயங்கள். ஆனால் சிறிய விஷயங்கள்தாம் பொதி பிரித்தபின் கண்ணீர் வரச்செய்பவை.

தவணைக் கடை

இரண்டாவது வழி தவணை. இதற்கு நாமே துணையாகச் சென்றோம். பட்டணத்துக் கடையொன்றில் இளைஞர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு கதிரை கொடுத்தார். 62,000 ரூபாப் போனொன்றைக் காட்டி, "அம்மா, கையில 15,000 தந்தாற் காணும். மிச்சம் மாசம் 3,600. ஒரு நாளைக்கு 120 ரூபா. ஒரு பிளேன்ரீயும் வடையும்" என்றார். நாளுக்கு 120 ரூபா என்று கேட்டபோது அக்காவின் முகம் மலர்ந்தது. எமது முகமும் மலர்ந்திருக்கும். எத்தனை மாதம் என்று கேட்டோம். பதினெட்டு. மகள் கொப்பியை எடுத்தாள். 3,600ஐ 18ஆற் பெருக்க 64,800, முற்பணம் 15,000, ஆக 79,800. காசு விலையிலும் 17,800 ரூபா அதிகம். அதுவுமன்றி இருவர் பிணை நிற்கவேண்டும். போனோடு வருகின்ற இலக்கத்திலே மாதக் கட்டண இணைப்பொன்றையும் அதே பதினெட்டு மாதத்துக்கு வைத்திருக்க வேண்டும்.

"ஒரு மாதம் தவறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்து, "அப்பிடி ஒண்டும் வராது ஐயா" என்றார். போனைத் தூரத்திலிருந்தே பூட்டிவிடும் ஏற்பாடு உண்டா என்று திரும்பவுங் கேட்டோம். அதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. இப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கென்யாவிலே எம்-கோபா என்னும் கம்பனி, ஏழைகளுக்கு நாட்தவணையிலே போன் விற்கின்றது. தவணை நின்றால் போனும் நின்றுவிடும். கட்டியவுடன் மறுபடி விழிக்கும். வங்கி எட்டிப்பாராத எத்தனையோ பேருக்கு அதனாற் போன் கிடைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் பரீட்சைக்கு முதற்கிழமையிலே பசு பால் வற்றி, தவணை பிந்தி, பாடப்புத்தகம் தானே மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

வங்கிக் கடனட்டை வைத்திருப்போருக்கு வட்டியில்லாத் தவணை கொடுக்கும் கடைகள் உள்ளன. தையற்காரிக்கு எந்த வங்கி கடனட்டை கொடுத்தது? காசுள்ளவருக்கு வட்டியில்லை, காசில்லாதவருக்கு வட்டியுண்டு என்ற இந்த நியாயத்தை நமக்கு ஒருவரும் இதுவரை விளக்கவில்லை.

போன் விலை ஏன் இவ்வளவு ஏறிற்று என்று வீடு திரும்புகையிற் பஸ்ஸிலே அக்கா கேட்டார். 2022ஆம் ஆண்டு மார்ச்சு தொடக்கத்தில் அமெரிக்க டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நமது நாணயம், மே மாதத்துக்குள் 360 வரையில் வீழ்ந்தது. இறக்குமதிப் பொருளாகிய போன் அதனோடு ஏறியது. பின்பு 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்த்தப்பட்டது. அதுவரை அவ்வரியினின்று விலக்கப்பட்டிருந்த கைத்தொலைபேசியும் அன்றோடு வரிக்குள் வந்தது. இவ்வளவையும் சொன்னோம். அக்கா கேட்டுவிட்டு, "அப்ப தையற்கூலியையும் ஆராவது அப்பிடி ஏத்தியிருக்கலாம்" என்றார். பஸ்ஸிற் பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள்.

மூன்றாவது வழி, உள்ள காசுக்குக் கட்டில்லாத போனொன்றை வாங்குவது. காசு எங்கே? அக்காவிடம் ஒரு சீட்டு இருந்தது. ஊர்ப் பெண்கள் இருபது பேர் மாதம் 3,000 ரூபாப் போட்டு நடத்துகின்ற குலுக்குச் சீட்டு. கிடைக்கின்ற தொகை 60,000. கூரை ஓடு மாற்றுவதற்கென்று அவர் அதனை எண்ணி வைத்திருந்தார். சங்கிலியொன்றும் இருந்தது, அதனை ஈடு வைக்கலாமா என்றும் யோசித்தார். ஈட்டுக்கு வட்டியுண்டு, சீட்டுக்கு வட்டியில்லை என்று நாம் தடுத்தோம். சீட்டும் ஒரு கட்டுத்தான் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். எடுத்தபின்னும் கடைசி மாதம் வரை போட்டே தீரவேண்டும். ஆனால் அந்த முடிச்சின் மறுமுனை இருப்பது அடுத்த வளவில். ஒரு மாதம் முடியாவிட்டால் வாய்விட்டுச் சொல்லலாம், ஏச்சும் கேட்கலாம், போன் பூட்டிக்கொள்ளாது.

ஆகஸ்ட் மாதக் குலுக்கலிலே சீட்டு அக்காவுக்கு விழுந்தது. கூரையா, போனா என்ற வழக்கு இரண்டு நாள் நடந்தது. மாரிக்கு முன் மூன்று ஓடு மட்டும் மாற்றுவது, மிச்சத்தைத் தை மாதத்துக்குப் பிறகு பார்ப்பது என்று தீர்ப்பாயிற்று. போனுக்கு 45,000 ரூபாவுக்கு மேற் போகக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்தத் தொகைக்குள் எதைப் பார்ப்பது, எதைப் பாராமல் விடுவது? கடைக்காரர் முதலிலே காட்டுவது புகைப்படக் கருவியைத்தான். ஐம்பது மெகாபிக்சல், நூறு மெகாபிக்சல் என்பார். இதனை நாம் காதில் வாங்கவில்லை. கலியாண வீட்டுக்குப் படமெடுக்க வேறு ஆட்கள் இருக்கின்றார்கள். 5ஜி என்பதற்கும் மேலதிகமாகக் கொடுக்கவேண்டாம் என்று முடிவு செய்தோம். நமது பிள்ளையின் பாடங்களுக்கு 4ஜி தாராளமாகப் போதும். கேட்டது வேறு. இடம் 128 ஜிபி உண்டா? நினைவகம் 4 ஜிபிக்குக் குறையாதா? மின்கலம் 5,000 அளவினதா? இரண்டு சிம் போடலாமா? இரண்டு சிம் என்பது ஆடம்பரமன்று. ஒரு காலத்தில் நமது நாட்டிலே ஐந்து கம்பனிகள் இருந்தன. 2018இல் எதிசலாத்தை ஹட்ச் வாங்கியது; 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று மூன்றே. ஒன்றினுடைய கோபுரம் கிணற்றடியில் எடுக்கும், மற்றொன்று அறைக்குள் எடுக்கும். முற்பண இணைப்பாயின் காசு உள்ள மாதத்திலே ரீலோட் போடலாம்; இல்லாத மாதத்திலே பேசாமலிருக்கலாம். எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, இந்தப் போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை வருடத்துக்கு வரும் என்பது. இதனைக் கேட்டபோது கடைக்காரர்கள் பலர் எம்மை விநோதமாகப் பார்த்தனர். உதாரணமாக, சாம்சுங் கம்பனி 2024இல் வெளியிட்ட கலக்சி ஏ16 என்ற இடைத்தரப் போனுக்கு ஆறு வருடத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2025 ஜூன் 20 தொடக்கம், விற்பனை முடிந்தபின்னும் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் இத்திருத்தங்கள் கொடுக்கப்படல் வேண்டும் என்று சட்டமே செய்துவிட்டார்கள். திருத்தம் நின்ற போன் அன்றைக்கே செத்துவிடாது. ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத வீடுபோல ஆகிவிடும். வங்கிக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது நல்லதல்ல. 30,000 ரூபாப் போன் இரண்டு வருடமும் 45,000 ரூபாப் போன் ஐந்து வருடமும் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். முன்னதற்கு வருடம் 15,000, பின்னதற்கு 9,000. மலிவு எது என்பதைக் கொப்பியிலே போட்டுப் பார்த்தாலன்றி அறியமுடியாது.

பாவித்த போன்களையும் பார்த்தோம். விலை நயமாகவே இருந்தது. ஒன்றை வாங்கவும் மனம் வந்தது. மகள்தான், முன்னையவருடைய கூகிள் கணக்கு நீக்கப்பட்டுள்ளதா என்று கேட்டாள். நீக்கப்படவில்லை. அக்கணக்கை நீக்காமற் போனைத் துடைத்தெடுத்தால், அது பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே நிற்குமாம். அதுவும் ஒரு பூட்டு! சொந்தக்காரரைக் கூப்பிடச் சொன்னோம். அவர் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். திரும்பிவிட்டோம்.

இறுதியில் நெல்லியடியிலே, உள்ளூர் முகவரின் ஒரு வருட உத்தரவாதத்தோடு, 43,500 ரூபாவுக்கு ஒரு போன் வாங்கப்பட்டது. பெட்டியின்மேலிருந்த எண்ணும் *#06# அழுத்தியபோது வந்த எண்ணும் ஒன்றே என்பதைக் கடையிலேயே சரிபார்த்தோம். 1909இலிருந்து பதிலும் வந்தது. பற்றுச்சீட்டிலே அந்த எண்ணை எழுதுவித்தோம். கண்ணாடி ஒட்டவும் உறை போடவும் 1,200 ரூபா. கடைக்காரர் "தவணையில போட்டுத் தரட்டோ அம்மா?" என்று பழக்கதோஷத்திலே கேட்டார். அக்கா காசை எண்ணி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் அப்பொழுதிருந்த களையை நாம் அதற்குமுன் கண்டதில்லை.

பழைய போன் வீணாகவில்லை. மின்கலத்தை மாற்றி, சிம் இல்லாமல், அக்காவின் தகப்பனாருக்குக் கொடுத்துவிட்டார்கள். முதியவர் அதிலே தேவாரங்களைச் சேமித்து வைத்துக் காலையிற் கேட்கின்றார். எந்தக் கம்பனியின் சிம்மும் வேண்டாத அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தம்.

புதிய போனிலிருந்து முதல் அழைப்பு ஸ்காபரோவுக்குத்தான் போயிற்று. நாமும் அருகில் இருந்தோம். அங்கே விடியற்காலை; மருமகன் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். "மாமி, முகம் வடிவாத் தெரியுது. என்ன போன்?" என்று கேட்டான். பெயரைச் சொன்னார்கள். அவன் முகம் சற்று வாடிற்று. "நான் அனுப்பியிருப்பனே" என்றான்.

"உன்ர ஒப்பந்தம் முடியட்டும் ராசா" என்றார் அக்கா. "முடிஞ்ச பிறகு புதுசு ஒண்டும் எடாதை. கையில இருக்கிறதையே வைச்சுக்கொண்டு, அந்தக் காசைச் சேர்த்து ஊருக்கு ரிக்கற் எடு."

"840 டொலருக்கு ரிக்கற் வராது மாமி."

மகள் பக்கத்தில் நின்று கொப்பியைப் புரட்டினாள். "போற வழிக்கு நீங்கள் காசு தேடுங்கோ மச்சான். வாற வழிக்கு அது காணும்" என்றாள்.